இரண்டாவது

பயிற்சிக்குத் தருவது தட்டை மூக்குக் குண்டு.
மருந்து குறைச்சல், விலை குறைச்சல்,
சத்தம்கூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் வரும்.
ஐம்பது சுட்டாலும் மணிக்கட்டு நோகாது.
அட்டை மனிதன் நெஞ்சில்
காகிதம் குத்தும் மெஷின் போட்டதுபோல்
வட்ட வட்டமாய் ஓட்டை.
என் அட்டையைச் சுருட்டிக் கொடுத்து
ஃபைருஸ் சிரிப்பான்:
ஃபிரேம் போட்டு வீட்ல மாட்டு லா.

இடுப்பில் இருப்பது வேறு.
ஐந்து. முனையில் குழி விழுந்தவை.
காலையில் எண்ணி வாங்கி
மாலையில் எண்ணிக் கொடுத்து
யீஷூன், செம்பவாங், மார்சிலிங் என்று
பணப்பெட்டி போகும் இடமெல்லாம்
என்னோடு வந்துபோகும்.
மழையில் நனைந்து, ஏர்கோனில் குளிர்ந்து,
மூன்று வருடம்
ஒருத்தரையும் ஒன்றும் சொல்லாத ஐந்து பேர்.

அவற்றுக்கு வயதாகிவிட்டது,
புதிது வருகிறது,
பழையதைச் சுட்டுத் தீர் என்றார்கள்.

முதலாவது சரி.
நெஞ்சின் நடுவில்.
ஆனால் அது பேசிய குரல்
எனக்குத் தெரியாத குரல்.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.
குழாய் இன்னும் மேலேயே நிற்கிறது,
அதற்குள்
லேசானவற்றோடு பழகிய விரல்
தன் பழைய தாளத்தில்
இரண்டாவதை இழுத்துவிட்டது.

அட்டையில் இரண்டாவது ஓட்டை இல்லை.
அட்டைக்கு மேலே
கூரைத் தடுப்பு மரத்தில் புதிதாய் ஒரு வடு.
ஃபைருஸ் ஃபிரேம் பேச்சை எடுக்கவில்லை.

முடிந்ததும்
வெற்றுக்கூடுகளைத் தட்டில் கொட்டி,
கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டி,
உரக்கச் சொல்ல வேண்டும்:
தோட்டாவோ வெற்றுக்கூடோ என்னிடம் இல்லை, சார்!
சொன்னேன்.
சொல்லும்போதும் கை அதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை
துருவனின் அப்பா
புளோக் கீழ்த்தளத்தில் வந்து நின்றான்.
தபால்பெட்டி வரிசைக்குப் பக்கத்தில்,
கையில் எங்கள் வீட்டுப் பழைய சாவி.
கோர்ட் கொடுத்த தாள் அவனுக்குத் தாள்.

இந்த நாளுக்கும் நான் பயிற்சி எடுத்திருந்தேன்.
பதினொன்றாம் மாடியிலிருந்து
மின்தூக்கி இறங்கும் நேரத்தில்,
கண்ணாடிக்கு எதிரே, உதடு மட்டும் அசைய:
இனிமே இங்க வராதே.
ஏழாவது மாடியில் மேடம் டியோ
நாய்க்குட்டியோடு ஏறினால் நிறுத்திக்கொண்டு,
அவர் இறங்கிப் போனதும் மறுபடி.
எத்தனை நூறு தடவை.
ஒரு தடவையும் நோகவில்லை.

அன்றைக்குக் குரலோடு வந்தது.
இனிமே இங்க வராதே.
பட வேண்டிய இடத்தில் பட்டது.
சாவி இருந்த கை தாழ்ந்தது.

அங்கே நின்றிருக்கலாம்.
தொண்டை இன்னும் இறங்கவில்லை.
உன் புள்ளைக்கே நீ வேணாம்.

துருவன் என் முதுகுக்குப் பின்னால்
பள்ளிப் பையோடு நின்றிருந்தான்.
அவனிடம் ஒருநாளும்
நான் இதைக் கேட்டதில்லை.
அவன் அப்பாவைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தான்.
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தான்,
குடிக்காமலேயே மூடினான்.

பிறகு பதினொரு மாடி.
கண்ணாடியில் இரண்டு பேர்.
ஒருத்தருக்கும் உதடு அசையவில்லை.

திங்கட்கிழமை ஆயுத அறையில் கேட்டேன்:
பயிற்சிக்கும் கனமானதே கிடைக்குமா?
பட்ஜெட் இல்லை என்றாள் ஹஸ்னிதா,
பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்.
அப்புறம் என் கையைப் பார்த்தாளோ என்னவோ,
மாசம் ரெண்டு தரேன்.
இங்க கையெழுத்துப் போடு.

தேதி, வரிசை எண், எத்தனை, யாருக்கு.
நான்கு கட்டம்.
முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்
எவ்வளவு நேரம் என்று எழுத
அதில் இடம் இல்லை.

போட்டேன்.
துருவனிடம் இன்னும் கேட்கவில்லை.